உஷார்! ஆஸ்பத்திரியில் விபரீதமா? முதலில் கேஸ் ஷீட்டைக் கேளுங்கள்

பல மருத்துவ அலட்சிய வழக்குகள் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே தோற்றுப்போகின்றன. கோர்ட், வக்கீல், சாட்சி எல்லாம் அதற்கு ரொம்பப் பிறகு வருகிற விஷயம். "உள்ளே போகும்போது நல்லாத்தானே பேசிட்டுப் போனாரு" என்று வீட்டார் அழுது தீர்க்கிற அந்த ஒன்றிரண்டு நாட்களில்தான் எல்லாம் நடந்துவிடுகிறது. யாரோ நீட்டிய காகிதத்தில் கையெழுத்துப் போடுகிறோம். பெரியவர்கள் சொன்னார்கள் என்று போஸ்ட்மார்ட்டம் வேண்டாம் என்கிறோம். ஆத்திரத்தில் கண்ணாடியை உடைத்துவிட்டு நாமே குற்றவாளிக் கூண்டில் ஏறுகிறோம். கேட்டு வாங்கியிருக்க வேண்டிய ஒன்றை மட்டும் கேட்காமல் வீட்டுக்கு வந்துவிடுகிறோம். அதுதான் கேஸ் ஷீட்.

டிஸ்சார்ஜ் சம்மரி கையில் இருக்கிறதே, அது போதாதா என்று நினைக்காதீர்கள். அது எல்லாம் முடிந்தபின் உட்கார்ந்து எழுதிய இரண்டு பக்கச் சுருக்கம். கேஸ் ஷீட் சிகிச்சை நடக்க நடக்க எழுதப்படுவது. நோயாளியை எத்தனை மணிக்கு அட்மிட் செய்தார்கள், அப்போது பிரஷர் எவ்வளவு, எந்த டாக்டர் எப்போது வந்து பார்த்தார், என்ன மருந்து, எவ்வளவு டோஸ், ஊசி போட்ட நர்ஸ் யார் என்பதெல்லாம் அதில் நேரத்தோடு இருக்க வேண்டும். குறிப்பாக ராத்திரி டியூட்டி நர்ஸ் எழுதும் குறிப்புகளைப் பாருங்கள். "2.10: மூச்சுத் திணறல், டியூட்டி டாக்டருக்குத் தகவல் சொல்லப்பட்டது" என்று ஒரு வரி இருக்கும். அடுத்த வரி, "4.45: டாக்டர் வந்து பார்த்தார்" என்று இருக்கும். நடுவில் போன அந்த இரண்டரை மணி நேரம்தான் உங்கள் வழக்கு. ஆபரேஷன் என்றால் அனஸ்தீசியா சார்ட் தனியாக உண்டு. நாடி, பிரஷர், ஆக்சிஜன் அளவு எல்லாவற்றையும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை அதில் குறிக்க வேண்டும். நடுவில் அரை மணி நேரத்துக்கு ஒரு புள்ளியும் இல்லாமல் வெறுமையாகக் கிடந்தால், விவரம் தெரிந்த டாக்டர் அந்த ஒரு பக்கத்தைப் பார்த்தே என்ன நடந்திருக்கும் என்று ஊகித்துவிடுவார். டிஸ்சார்ஜ் சம்மரியில் இது எதுவும் இருக்காது.

இதைக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. யாருடைய தயவும் தேவையில்லை. 2002-ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கவுன்சில் நடத்தை விதிகளின்படி, நோயாளியோ, அவர் அனுமதி பெற்ற உறவினரோ, சட்ட அதிகாரிகளோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைக் கொடுத்தாக வேண்டும். மறுத்தால் அதுவே டாக்டரின் நடத்தைக் குற்றம். அதே விதிகள் உள்நோயாளியின் ஆவணங்களைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 வருடம் பாதுகாக்கச் சொல்கின்றன. அதற்குப் பிறகு "அழித்துவிட்டோம்" என்றால் நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது.

கவுன்ட்டரில் போய் வாயால் கேட்டால் பதில் என்ன வரும் தெரியுமா? "அது ஆஸ்பத்திரி சொத்துங்க." "கோர்ட் ஆர்டர் கொண்டு வாங்க." "எம்.டி. ஊர்ல இல்ல, அடுத்த வாரம் வாங்க." அடுத்த வாரம் போனால் வேறொருவர் உட்கார்ந்திருப்பார். ஆகவே எழுத்தில் கேளுங்கள். நோயாளியின் பெயர், ஐ.பி. நம்பர், அட்மிட் ஆன தேதி, டிஸ்சார்ஜ் ஆன தேதி. முழு கேஸ் ஷீட், நர்ஸ் குறிப்புகள், மருந்து சார்ட், ஆபரேஷன் குறிப்பு, அனஸ்தீசியா சார்ட், ஒப்புதல் படிவங்கள், லேப் மற்றும் ஸ்கேன் ரிப்போர்ட்டுகள் எல்லாவற்றின் நகலும் வேண்டும், நகல் கட்டணத்தைக் கட்டத் தயார் என்று அரைப் பக்கம் போதும். நேரில் கொடுத்தால் நகலில் சீல் வாங்குங்கள். சீல் போட மறுத்தால் ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள், ஈமெயிலும் தட்டிவிடுங்கள். அரசு ஆஸ்பத்திரி என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழும் மனு போடலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். ஆஸ்பத்திரி கொடுக்கவே இல்லை என்றாலும் கவலை வேண்டாம். நீங்கள் கேட்டதற்கும் அவர்கள் கொடுக்காததற்கும் சாட்சி கையில் இருந்தால், அது பின்னால் அவர்களுக்கு எதிராகவே நிற்கும்.

இன்னொரு காகிதம் இருக்கிறது. அது நீங்கள் கேட்காமலே உங்கள் கைக்கு வரும். உஷார்!

நிலைமை கைமீறிப் போகும்போது ராத்திரி பதினோரு மணிக்கு ஒருவர் வந்து மெதுவாகப் பேசுவார். "அண்ணே, இங்க இருந்தா பில்லுதான் ஏறும். ஜி.எச்.சுக்குக் கொண்டு போயிடுங்க, ஆம்புலன்ஸ் நாங்களே ஏற்பாடு பண்றோம். இதுல ஒரு கையெழுத்து மட்டும் போட்டுடுங்க." அந்தப் படிவத்தில் என்ன இருக்கும்? டாக்டரின் ஆலோசனைக்கு எதிராக, எங்கள் சொந்தப் பொறுப்பில் நோயாளியை அழைத்துப் போகிறோம், இனி நடப்பதற்கு ஆஸ்பத்திரி பொறுப்பல்ல என்று இருக்கும். போகச் சொன்னது அவர்கள். காகிதத்திலோ நீங்கள் பிடிவாதமாகக் கூட்டிப்போனதாக ஆகிவிடும். மேல்சிகிச்சைக்கு அனுப்புவது உண்மையானால் அதற்குரியது ரெஃபரல் கடிதம். ஏன் அனுப்புகிறோம், இதுவரை என்ன செய்தோம், இப்போது நோயாளியின் நிலை என்ன என்று டாக்டர் கையெழுத்தோடு அதில் எழுதித் தர வேண்டும். அதைக் கேளுங்கள். ஒருவேளை கையெழுத்துப் போட்டே ஆக வேண்டிய கட்டாயம் வந்தால், கையெழுத்துக்கு மேலே "டாக்டர் சொன்னதால் அழைத்துப் போகிறோம்" என்று தமிழில் ஒரு வரி எழுதி, தேதியும் நேரமும் போட்டு, செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். யாரும் கையைப் பிடித்துத் தடுக்க முடியாது.

ஆபரேஷனுக்கு முன் வாங்கும் ஒப்புதல் படிவமும் இப்படித்தான். கோடிட்ட இடமெல்லாம் காலியாக இருக்கும் தாளில் "இங்க, இங்க, அப்புறம் இங்க" என்று விரலால் காட்டி வாங்கிக்கொள்கிறார்கள். என்ன ஆபரேஷன், என்ன ஆபத்து, வேறு வழி உண்டா என்பதை உங்களுக்குப் புரியும் மொழியில் சொல்லிவிட்டுத்தான் கையெழுத்து வாங்க வேண்டும். 2008-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஒரு வழக்கு இதற்கு உதாரணம். நோயைக் கண்டறிய லேப்ராஸ்கோப்பி செய்வதாகச் சொல்லி ஒரு பெண்ணிடம் ஒப்புதல் வாங்கினார்கள். மயக்கத்தில் இருக்கும்போதே அவருடைய கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். வெளியே இருந்த அவருடைய தாயிடம் சம்மதம் வாங்கினோம் என்றார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, வயது வந்த, சுயநினைவு திரும்பக்கூடிய நோயாளிக்காக வேறு யாரும் சம்மதம் தர முடியாது என்று நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. கிடைத்த இழப்பீடு 25 ஆயிரம் ரூபாய்தான். அந்தத் தொகையை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை. ஆனால் அந்தத் தீர்ப்பு சொன்ன விதி நாடு முழுவதற்கும் பொருந்தும்.

மரணம் நேர்ந்துவிட்டால்? சொல்லவே நாக்கு கூசுகிறது, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். சந்தேகம் இருந்தால் போஸ்ட்மார்ட்டம் இல்லாமல் உடலை வாங்காதீர்கள். "அவ்வளவு கஷ்டப்பட்டுட்டாரு, இனிமே அறுக்க வேற விடணுமா" என்று சொந்தக்காரர்கள் சொல்வது பாசத்தில்தான். ஆனால் எதனால் இறந்தார் என்பதற்கு ஆஸ்பத்திரி சொல்வதைத் தவிர வேறு ஆதாரமே இல்லாமல் போய்விடும். அந்தந்தப் பகுதி போலீஸ் ஸ்டேஷனில் எழுத்துமூலம் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். பிரேதப் பரிசோதனை அரசு மருத்துவமனையில் நடக்க வேண்டும் என்று புகாரிலேயே எழுதுங்கள். புதைத்த உடலைத் தாசில்தார் முன்னிலையில் தோண்டியெடுத்துப் பரிசோதிக்கவாவது சட்டத்தில் வழி இருக்கிறது. எரித்துவிட்டால் அதோடு முடிந்தது.

ஆத்திரத்தில் கை வைத்துவிடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். 2024 நவம்பரில் சென்னை கிண்டி அரசு மருத்துவமனையில், தன் தாய்க்குத் தவறான சிகிச்சை கொடுத்ததாகச் சொல்லி ஓர் இளைஞர் புற்றுநோய் டாக்டரைக் கத்தியால் குத்தினார். தாய்க்கு நியாயம் கிடைக்கவில்லை, மகன் ஜெயிலுக்குப் போனதுதான் மிச்சம். தமிழ்நாட்டில் 2008 முதல் தனிச் சட்டமே இருக்கிறது. மருத்துவப் பணியாளரைத் தாக்கினாலோ ஆஸ்பத்திரிப் பொருளை உடைத்தாலோ 3 வருடத்திலிருந்து 10 வருடம் வரை சிறை. ஒரு கண்ணாடி உடைந்த நிமிடத்திலிருந்து செய்தி மாறிவிடுகிறது. "அலட்சியத்தால் நோயாளி பலி" என்று வர வேண்டியது "ஆஸ்பத்திரியைச் சூறையாடிய உறவினர்கள்" என்று வரும்.

சரி, எது அலட்சியம்? நோயாளிக்குக் கெடுதல் நேர்ந்ததெல்லாம் அலட்சியம் ஆகாது. திறமையான டாக்டர் சரியாகச் செய்தும் சில உயிர்கள் போகின்றன. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்குப் பிறகும் இயற்கையாகவே கருத்தரிக்க வாய்ப்புண்டு, அது மட்டுமே டாக்டரின் தவறுக்குச் சான்று ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2005-இல் சொல்லியிருக்கிறது. அந்தத் துறையில் சாதாரணத் திறமையுள்ள ஒரு டாக்டர் எடுத்துக்கொள்ளும் அக்கறையை இவர் எடுத்துக்கொண்டாரா, எடுக்காததால்தான் இந்தக் கெடுதல் வந்ததா? இந்த இரண்டு கேள்வியையும் சேர்த்தே கேட்க வேண்டும். தவறு நடந்து கெடுதல் வராவிட்டால் வழக்கு இல்லை. கெடுதல் வந்து அதற்கு வேறு காரணம் இருந்தாலும் வழக்கு இல்லை. சந்தேகம் வந்தால் முதலில் அந்த டாக்டரிடமே உட்கார்ந்து கேளுங்கள். நேர்மையான டாக்டர் விளக்குவார். அந்த விளக்கத்தை மனதில் வைத்துக்கொண்டு அடுத்த டாக்டரிடம் போங்கள்.

சில சம்பவங்களுக்கு விளக்கமே தேவையில்லை. 2022 நவம்பரில் சென்னையில் 17 வயது கால்பந்து வீராங்கனைக்கு முழங்காலில் ஜவ்வு ஆபரேஷன் நடந்தது. ஆபரேஷனுக்குப் பின் போட்ட கட்டு அளவுக்கு மீறி இறுகி, ரத்த ஓட்டம் நின்று, காலையே எடுக்க வேண்டியதாகி, கடைசியில் அந்தப் பெண்ணே போய்விட்டாள். சுகாதார அமைச்சரே கவனக்குறைவு என்று ஒப்புக்கொண்டார். இரண்டு டாக்டர்கள் சஸ்பெண்ட் செய்யப்பட்டார்கள். கட்டுப் போட்ட பிறகு கால் மரத்துப்போனாலோ, விரல் நிறம் மாறினாலோ, வலி ஏறிக்கொண்டே போனாலோ "காலையில ரவுண்ட்ஸ்ல பார்ப்பாரு" என்ற பதிலை ஏற்றுக்கொள்ளாதீர்கள். அப்போதே டாக்டரை வரச் சொல்லிச் சத்தம் போடுங்கள். அந்தச் சத்தம் போட உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.

அலட்சியம் எப்போதும் கத்தி பிடித்த கையில்தான் இருக்கும் என்பதுமில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விடுவதும் அலட்சியம்தான். எழும்பூர் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1996 ஆகஸ்டில் எழும்பூர் அரசு தாய் சேய் நல மருத்துவமனையில் 29 வாரத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. எடை 1,250 கிராம். இன்குபேட்டரில் வைத்துக் காப்பாற்றி செப்டம்பரில் வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த எடையில் பிறந்து ஆக்சிஜன் கொடுக்கப்பட்ட குழந்தைக்கு விழித்திரை பாதிக்கும் அபாயம் உண்டு. முதல் சில வாரங்களுக்குள் கண் டாக்டர் பார்த்தால் காப்பாற்ற வாய்ப்பிருக்கிறது. "கண்ணைக் காட்டுங்கள்" என்று அந்தப் பெற்றோருக்கு யாரும் சொல்லவில்லை. டிஸ்சார்ஜ் சம்மரியிலும் அந்த வரி இல்லை. தெரிய வந்தபோது காலம் கடந்துவிட்டது. குழந்தைக்கு இரண்டு கண்ணிலும் பார்வை போயிற்று. தேசிய நுகர்வோர் ஆணையம் கொடுத்தது 5 லட்சம். தந்தை விடவில்லை. 2015 ஜூலையில் உச்ச நீதிமன்றம் எதிர்காலச் சிகிச்சைச் செலவுக்கு 1 கோடியே 38 லட்சம் ரூபாயும், அதுவரை செய்த செலவுக்கு ஏறத்தாழ 43 லட்சமும் கொடுக்கச் சொன்னது. அதற்குள் அந்தப் பெண்ணுக்குப் பதினெட்டு வயது முடிந்துவிட்டது. குறைமாதத்தில் பிறந்த குழந்தை உங்கள் வீட்டில் இருந்தால், டிஸ்சார்ஜ் சம்மரியை இப்போதே எடுத்துப் பாருங்கள். கண் பரிசோதனை பற்றி ஒரு வார்த்தையும் இல்லை என்றால் நாளைக்கே தூக்கிக்கொண்டு போங்கள்.

அந்தத் தந்தை ஜெயித்தார் என்று சொல்லும்போதே தோற்ற ஒரு வழக்கையும் சொல்ல வேண்டும். செவிலியர் ஒருவருக்கு 1993-இல் பித்தப்பை ஆபரேஷன் நடந்தது. அதன்பின் வயிற்று வலி விட்டு விட்டு வந்துகொண்டே இருந்தது. மாத்திரை போட்டுச் சமாளித்தார். 2002-இல் ஸ்கேன் எடுத்து, மறு ஆபரேஷன் செய்தபோது வயிற்றிலிருந்து பஞ்சுத்துணி வந்தது. தவறு கண்ணெதிரே தெரிகிறது. ஆனாலும் 2010-இல் உச்ச நீதிமன்றம் அவருடைய புகாரைத் தள்ளுபடி செய்தது. காரணம், காலதாமதம். செவிலியரான நீங்கள் ஒன்பது வருடம் வலியோடு இருந்தும் ஆபரேஷன் செய்த டாக்டரிடம் ஏன் போகவில்லை என்று கேட்டது. எனக்கு இந்தத் தீர்ப்பு கடுமையாகத்தான் படுகிறது. ஆனால் சட்டம் அங்கேதான் நிற்கிறது.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போக 2 வருடம்தான் கெடு. தகுந்த காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு, ஆனால் அதை நம்பி உட்கார முடியாது. இன்னொரு பொறி இருக்கிறது. வக்கீல் நோட்டீஸ் அனுப்புவீர்கள், ஆஸ்பத்திரி பதில் அனுப்பும், மறுபடி நோட்டீஸ், "பேசி முடிச்சுக்கலாம்" என்று ஒரு மீட்டிங், நிர்வாகம் மாறிவிட்டது என்று மூன்று மாதம். இதெல்லாம் அந்த 2 வருடத்தை நீட்டிக்காது. கடிகாரம் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

டாக்டர் மேல் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியுமா என்று இன்னும் கேட்கிறார்கள். இந்திய மருத்துவச் சங்கமே எதிர்த்து வாதாடிய வழக்கில் 1995-லேயே உச்ச நீதிமன்றம் முடியும் என்று சொல்லிவிட்டது. 2019-இல் வந்த புதிய நுகர்வோர் சட்டத்தில் "மருத்துவச் சேவை" என்ற சொல் இல்லை என்று சிலர் கிளப்பிய குழப்பத்தையும் 2022-இல் அதே நீதிமன்றம் தீர்த்துவைத்தது. எல்லோருக்கும் முழுக்க இலவசமாகவே சிகிச்சை தரும் இடத்துக்கு மட்டும் இந்தச் சட்டம் பொருந்தாது. சிலரிடம் காசு வாங்கி, சிலருக்கு இலவசமாகப் பார்க்கும் ஆஸ்பத்திரி என்றால் இலவச நோயாளியும் புகார் கொடுக்கலாம். இன்சூரன்ஸ் பணம் கட்டியிருந்தாலும் நீங்கள் நுகர்வோர்தான். ஆஸ்பத்திரி எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் போடலாம். ஆஸ்பத்திரிக்குக் கட்டிய தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். கட்டியது 5 லட்சத்துக்குள் என்றால் புகாருக்குக் கட்டணமே கிடையாது. ஆகவே பில்களைப் பத்திரப்படுத்துங்கள், மெடிக்கல் ஷாப் ரசீது உட்பட. முழுக்க இலவச ஆஸ்பத்திரி என்றால் சிவில் வழக்கு, உயர் நீதிமன்ற ரிட் மனு, மனித உரிமை ஆணையம் என்று வேறு வழிகள் இருக்கின்றன. மனித உரிமை ஆணையத்துக்கு ஒரு வருடம்தான் கெடு.

எங்கே போனால் எது கிடைக்கும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் புகார் கொடுத்தால் டாக்டரின் பதிவை நிறுத்திவைக்கலாம், நீக்கவும் செய்யலாம். அங்கே ஒரு பைசா இழப்பீடு கிடைக்காது. போலீஸ் வழக்கு வேறு தடம். ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் 2005-இல் சொன்ன தீர்ப்பின்படி, டாக்டர் மேல் கிரிமினல் வழக்கு நிற்க வேண்டுமானால் அது மிகக் கடுமையான அலட்சியமாக இருக்க வேண்டும். அதே துறை பற்றிக் கருத்துச் சொல்லத் தகுதியுள்ள, முடிந்தால் அரசுப் பணியில் இருக்கும் டாக்டரிடம் போலீஸ் கருத்து வாங்க வேண்டும். எடுத்தவுடன் கைது செய்யக் கூடாது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆவது பிரிவில் டாக்டருக்கு அதிகபட்சத் தண்டனை 2 வருடம். இன்ஸ்பெக்டர் உடனே கைது செய்யவில்லை என்று ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்து நாட்களைக் கரைத்துவிடாதீர்கள்.

வேறொரு டாக்டரின் கருத்து உங்களுக்கும் வேண்டும். ஒரே ஊரில் இருக்கிற டாக்டர்கள் ஒருவரையொருவர் காட்டிக்கொடுக்கத் தயங்குவார்கள், அதுதான் நிலவரம். ஓய்வு பெற்ற மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர், வெளியூர் ஸ்பெஷலிஸ்ட் என்று தேடிப் போங்கள். "அவங்க மேல கேஸ் போடப் போறேன், எழுதிக் கொடுங்க" என்று ஆரம்பித்தால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். கேஸ் ஷீட்டை முன்னால் வைத்து, "ஐயா, இந்த நிலைமையில நீங்களா இருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?" என்று கேளுங்கள். எல்லா வழக்குக்கும் நிபுணர் சாட்சி கட்டாயமில்லை என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வயிற்றுக்குள் துணியை வைத்துத் தைத்ததற்கு நிபுணர் எதற்கு? ஆனால் மருந்து மாறியது, நோயைக் கண்டுபிடிக்கத் தவறியது போன்ற விவகாரங்களில் அந்தக் கருத்து பெரும்பாலும் தேவைப்படும்.

இனி, உங்களைத் தேடி வருகிற உதவிக்காரர்கள். மார்ச்சுவரி வாசலிலேயே நிற்பார்கள். "சார், பைசா செலவு இல்ல. ஜெயிச்சா முப்பது பர்சென்ட் கொடுங்க போதும்." கூடவே செல்போனில் ஒரு செய்தியைக் காட்டுவார்கள். கொல்கத்தாவில் சிகிச்சை பெற்ற ஒரு பெண் இறந்த வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றம் ஏறத்தாழ 6 கோடி கொடுக்கச் சொன்ன செய்தி. உண்மைதான். ஆனால் அந்தப் பெண் இறந்தது 1998-இல். கணவர் அமெரிக்காவில் டாக்டர். மருத்துவம் தெரிந்த அவரே பதினைந்து வருடம் விடாமல் போராடித்தான் அந்தத் தொகை வந்தது. இதை அந்த ஆள் சொல்ல மாட்டார். வழக்கின் முடிவைப் பொறுத்தோ, கிடைக்கும் பணத்தில் பங்காகவோ வக்கீல் ஃபீஸ் பேசக் கூடாது என்று பார் கவுன்சில் விதி இருக்கிறது. ஆள் வைத்துக் கட்சிக்காரரைப் பிடிப்பதும் தடைசெய்யப்பட்டது. விதியை மீறி உங்களிடம் வருகிறவர் நாளைக்கு ஆஸ்பத்திரியோடும் பேச மாட்டார் என்று என்ன நிச்சயம்?

இதை விடப் பெரிய ஆபத்து ஒன்று. 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது: வக்கீலின் சேவைக் குறைபாட்டுக்கு நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க முடியாது. அதாவது உங்கள் வக்கீல் 2 வருடக் கெடுவைத் தவறவிட்டால், டாக்டரைப் போல அவரை அங்கே இழுக்க முடியாது. பார் கவுன்சில், சிவில் கோர்ட் என்று அது தனிக் கதை. ஆகவே வக்கீலை எடுக்கும்போதே விசாரியுங்கள். மருத்துவ வழக்கு நடத்தியிருக்கிறாரா? கேஸ் ஷீட்டைப் படிக்க வாங்கி வைத்துக்கொண்டாரா, அல்லது படிக்காமலே "ஜெயிச்சிடலாம்" என்றாரா? முதல் நாளே ஜெயம் சொல்கிறவரிடம் இரண்டாவது முறை போகாதீர்கள். ஒரிஜினல் ஆவணங்களை யாரிடமும் விடாதீர்கள், நகல் போதும். வக்காலத்தில் கையெழுத்துப் போடும் முன் படியுங்கள், ஃபீஸுக்கு ரசீது கேளுங்கள், வழக்கு எண்ணை வாங்கி அடுத்த வாய்தா எப்போது என்று நீங்களே ஆன்லைனில் பாருங்கள்.

நடுவில் ஆஸ்பத்திரியே கவரோடு வரலாம். பில்லைத் தள்ளுபடி செய்கிறோம், மேல்கொண்டு ஒரு தொகை தருகிறோம், இந்தப் பத்திரத்தில் கையெழுத்து என்பார்கள். சமாதானம் தப்பே இல்லை, நல்ல சமாதானம் நீண்ட வழக்கை விட எவ்வளவோ மேல். ஆனால் காரியம் முடியாத வீட்டில், அழுதுகொண்டிருக்கிற விதவையிடம் வாங்கும் கையெழுத்து சமாதானம் ஆகாது. "இனி எந்தப் புகாரும் கொடுக்க மாட்டோம்" என்ற வரி இருந்தால், உங்களுடைய வக்கீல் பார்க்காமல் தொடாதீர்கள். படுக்கையில் கிடப்பவருக்கு இன்னும் எத்தனை வருடச் சிகிச்சை வேண்டியிருக்கும், மாதம் எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்த பிறகே தொகையைப் பேசுங்கள்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்று சும்மா இருந்துவிடாதீர்கள். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் எல்லோருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. கணவரைப் பறிகொடுத்த பெண்ணோ, மகளைப் பறிகொடுத்த தாயோ சம்பளச் சான்றிதழ் எதுவும் காட்ட வேண்டியதில்லை. மாவட்டக் கோர்ட் வளாகத்திலேயே சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கிறது. ஆஸ்பத்திரிச் சேவை பற்றிய தகராறுகளை 1 கோடி ரூபாய் மதிப்பு வரை விசாரிக்கும் நிரந்தர மக்கள் நீதிமன்றம் உங்கள் மாவட்டத்துக்கு உண்டா என்பதையும் அங்கேயே கேளுங்கள். போக முடியாதவர்கள் 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம், கட்டணம் இல்லை. நுகர்வோர் உதவி எண் 1915.

உங்கள் வீட்டில் இப்போது யாராவது இப்படி அடிபட்டுக் கிடந்தால், இந்தக் கட்டுரையை மடித்து வைத்துவிட்டு முதலில் ஒரு வெள்ளைத் தாளை எடுங்கள். நோயாளியின் பெயர், ஐ.பி. நம்பர், தேதி, "கேஸ் ஷீட் நகல் வேண்டும்" என்று எழுதி இன்றைக்கே ஆஸ்பத்திரியில் கொடுத்துச் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த 72 மணி நேரம் நீங்கள் கொடுத்த நிமிடத்திலிருந்துதான் ஓட ஆரம்பிக்கும்.